உங்கள் வீட்டு ரீவியிலிருந்து போர்முலா வன் கார் ரேஸ் போன நாள் நினைவிருக்கிறதா?

கொக்குவிலான்:

2023 மார்ச் 5, பஹ்ரைன். யாழ்ப்பாணத்தில் எங்கள் நேரத்துக்கு இரவு எட்டரை. அப்பா ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டுக் கதிரையை ரீவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுவிட்டார். ஓட்டுநர் அலொன்சோ அஸ்டன் மார்ட்டின் அணிக்கு மாறிய பிறகு முதல் ரேஸ். 2005இல், சமாதான காலத்தில், பக்கத்து வீட்டு டிஷ்ஷில் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்பாவுக்கு அலொன்சோதான். சம்பியன் ஷூமாக்கரை மடக்கின பெடியன் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

எட்டரைக்கு அந்தச் சேனலில் பழைய கிரிக்கெட் மட்ச் ஒன்று போனது. அப்பா அடுத்த சேனலைப் போட்டார். அதற்கடுத்ததைப் போட்டார். பிறகு முதலில் இருந்து ஒவ்வொன்றாக வந்தார். எனக்கு இரண்டு கிழமைக்கு முன்பே தெரியும், இந்தியச் சேனலின் ஒப்பந்தம் 2022 சீசனோடு முடிந்துவிட்டது என்று. சொல்ல மனம் வரவில்லை. கடைசியில், "அப்பா, அது இனி ரீவியில வராது, காசு கட்டிப் போனிலதான் பாக்கலாம்" என்றேன்.

"அப்ப விடு" என்றார். ரிமோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அன்றைக்கு அலொன்சோ ஹமில்டனையும் சைன்ஸையும் முந்தி மூன்றாவதாக வந்தான், 41 வயதில். காலையில் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்தக் கவிழ்த்து வைத்த ரிமோட் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

லண்டன்_நெல்லியடி:

தம்பி, அப்பாவின் கதையை வாசித்தபோது நெஞ்சு கனத்தது. ஆனால் ஊரில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த நட்டம் என்று நினைக்க வேண்டாம். இங்கே 2011 வரை எல்லா ரேஸையும் பிபிசியில் நேரடியாகப் பார்த்தோம். 2012இல் பாதி ரேஸ்தான் பிபிசியில் நேரடி, மிச்சத்துக்குக் காசு கட்டிப் பார்க்கிற ஸ்கை சேனல் வேண்டும். 2016இல் அந்தப் பங்கு சேனல் 4க்குப் போனது. 2019இலிருந்து பிரித்தானிய ரேஸையும் 2021 அபுதாபி ரேஸையும் தவிர இலவசமாக நேரடி எதுவும் இல்லை, இரவில் சுருக்கம் மட்டும்தான்.

அதே 2019 ஓகஸ்ட், ஹங்கேரி. நான் பெற்றோல் ஸ்டேசனில் காலை ஷிப்ட். முடிந்து வந்து இரவுச் சுருக்கத்தைப் பார்க்கலாம் என்று போனைப் பையில் போட்டு, ரேடியோவையும் நிறுத்தி, மகனிடமும் வாய் திறக்காதே என்று சொல்லி வைத்தேன். பஸ்ஸில் வரும்போது நெல்லியடியிலிருந்து மச்சானின் அழைப்பு. வீட்டில் அவசரமோ என்று பயந்து எடுத்தால், "அண்ணை, பாத்தீங்களோ! இருபது செக்கன் பின்னால நிண்டவன் பிடிச்சிட்டான்!" ஹமில்டன் இரண்டாம் தரம் ரயர் மாற்றிவிட்டு, 70 சுற்றில் 67ஆவது சுற்றில் வேர்ஸ்டப்பனைப் பிடித்த ரேஸ் அது. மச்சான் ஊரில் கேபிளில் இலவசமாக, நேரடியாகப் பார்த்திருக்கிறான். ஹமில்டன் பிறந்த நாட்டில் இருக்கிற நான் பார்க்கவில்லை. அவனுடைய சந்தோசத்தைக் கெடுக்க விருப்பமில்லாமல், "ஓம் ஓம், பாத்தனான்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் இன்னும் உறுத்துகிறது.

சுன்னாகம்_வயர்மன்:

லண்டன் அண்ணை, ஒன்றைத் திருத்த வேண்டும். மச்சான் இலவசமாகப் பார்க்கவில்லை. நான் ஏழு வருடம் கேபிள் இழுத்தவன். மாதா மாதம் வீடு வீடாகக் காசு வாங்கினோம். அரசாங்கச் சேனல் ரூபவாஹினியில் கிரிக்கெட் போனதே, அதுதான் இலவசம். நான் வேலை செய்த காலத்தில் போர்முலா வன் எங்களுக்குக் காசுக்குத்தான் வந்தது. ஆனால் அந்தக் காசுக்குள் அம்மாவின் நாடகமும் பிள்ளைகளின் கார்ட்டூனும் ரேஸும் சேர்ந்தே இருந்தன, அதனால் ஒருவருக்கும் அது காசாகத் தெரியவில்லை. இப்போது ரேஸுக்கென்று தனியாகக் கட்டு என்கிறார்கள். அப்படிக் கேட்டால் எந்த வீட்டில் முதலில் வெட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

என் கதை சின்னது. 2021 டிசம்பர் 12, அபுதாபி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கராஜில் கேபிள் பெட்டி பழுதென்று பின்னேரம் கூப்பிட்டார்கள். சரி பண்ணிவிட்டு வர வெளிக்கிட்டால் ரேஸ் தொடங்கிவிட்டது, நின்றுவிட்டேன். இருபது பேராவது இருந்திருப்போம். லத்தீபி என்ற ஓட்டுநர் சுவரில் அடித்து, எல்லாரையும் மெதுவாக்கி ஒன்றுசேர்க்கிற சேப்டி கார் வந்து, வேர்ஸ்டப்பன் உள்ளே போய்ப் புது சொப்ட் ரயர், பிடி கூடினது, போட்டு வந்தான். ஹமில்டன் நாற்பது சுற்றுக்கு மேல் ஓடிய ஹார்ட் ரயரில் நிற்கிறான். கராஜ்காரப் பெரியவர் கையில் கிறீஸோடு எழும்பி, "முடிஞ்சுது. புது ரயருக்கு முன்னால பழசு நிக்காது" என்றார். ஒருவரும் நம்பவில்லை. கடைசிச் சுற்று, ஐந்தாவது வளைவு. அவர் சொன்னபடியே நடந்தது. ஹமில்டன் ஆட்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

பெரியவர் கராஜை மூடிவிட்டு மகளிடம் பிரான்சுக்குப் போய்விட்டார். போன மாசம் எடுத்துக் கதைத்தார். அங்கேயும் 2013இலிருந்து கனால் பிளஸ் என்ற சேனலுக்குக் காசு கட்ட வேண்டுமாம், மருமகனிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறதாம். "அங்க உங்களுக்காவது போகுதோ தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை.

உரும்பிராய்_வசந்தி:

எனக்கு ரேஸ் அவ்வளவு தெரியாது, மகனுக்குத்தான் பைத்தியம். களவு லிங்க் ஒன்றில் பார்க்கப் போய், சூதாட்ட விளம்பரம் மேலே மேலே திறந்து, அதை மூடப் போனவன் என் போனில் எதையோ இறக்கிவிட்டான். பாங்க் அப் இருக்கிற போன். அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை, விடியப் பாங்குக்குப் போய்த்தான் நின்றேன். காசு போகவில்லை, கடவுள் புண்ணியம்.

அதனால் கொக்குவில் தம்பி, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். முதலாவது, லிங்க் தேட வேண்டாம். போர்முலா வன்னின் சொந்த யூடியூப் பக்கத்தில் ஒவ்வொரு ரேஸும் முடிந்தபின் சில நிமிடச் சுருக்கம் இலவசமாகப் போடுகிறார்கள். அதை அப்பாவின் பெரிய ரீவியிலேயே போட்டுக் காட்டலாம், ஸ்மார்ட் ரீவி இல்லையென்றால் லாப்டொப்பிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ வயர் போதும். யாழ்ப்பாணக் கஸ்தூரியார் வீதியில் வயர் வாங்கும்போது ரீவியிலிருந்து லாப்டொப் மேசை வரை அளந்துகொண்டு போங்கள், நான் அளக்காமல் போய் இரண்டு தரம் அலைந்தேன். இரண்டாவது, காசு கட்டுவதாக இருந்தால் வெளிநாட்டுக் கொடுப்பனவு உங்கள் பாங்க் கார்டில் திறந்திருக்கிறதா என்று பாங்கில் கேளுங்கள், டொலர் கணக்கையும் பாருங்கள். 2022 தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது, அதை மறக்கக் கூடாது. முழு வருடத்துக்கும் கட்டாதீர்கள். ஒரு மாதம் கட்டி, அப்பா உண்மையிலேயே இருந்து பார்க்கிறாரா என்று பாருங்கள். மூன்றாவது, டேட்டா. ஒரு ரேஸ் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம், போன் டேட்டாவில் பார்த்தால் பக்கேஜ் கரையும், பைபர் இருக்கிற சொந்தக்காரர் வீடு நல்லது. நான்காவது, சனசமூக நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு கணக்கு எடுக்கலாம் என்று ஆரும் சொன்னால் அவசரப்படாதீர்கள். வீட்டுக் கணக்கை ஊருக்குப் போட்டுக் காட்ட விடமாட்டார்கள், நிபந்தனையை முதலில் வாசியுங்கள்.

ஐந்தாவது, அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இதுதான் முக்கியம்.

லண்டன்_நெல்லியடி:

சுன்னாகம் தம்பி சொன்னது சரி, "இலவசம்" என்று நான் எழுதியது பிழை. ஆனால் இங்கேயும் பிபிசிக்கு வருடா வருடம் அனுமதிக் காசு கட்டித்தான் பார்த்தோம். அந்தக் காசு இப்போதும் போகிறது, ரேஸ்தான் இல்லை. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். வசந்தி அக்கா, லிங்க் விசயத்தில் நீங்கள் சொன்னதை மகனுக்கும் காட்டினேன்.

பருத்தித்துறை_பைக்:

மோட்டோ ஜிபி, பைக் ரேஸ் ஆட்களை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ரொஸ்ஸியின் கடைசி ரேஸ், 2021 வலென்சியா. அண்ணாவும் நானும் ஒரே போனில், ஆளுக்கு ஒரு காது ஹெட்செற். மற்றதெல்லாம் போகட்டும், அந்த ஒரு பின்னேரம் போதும்.

கொக்குவிலான்:

வசந்தி அக்கா, அளந்துகொண்டுதான் போனேன். ஐந்து மீற்றர் வயர். லண்டன் சித்தப்பாவின் மகன் ஒரு மாதத்துக்குக் கட்டித் தந்தான். அப்பாவிடம் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் ஞாயிறு பின்னேரம் கதிரை முன்னால் வந்திருந்தது.

தொடங்கி இரண்டு சுற்றுக்கு அப்பா பேசாமல் திரையைத் தேடிக்கொண்டே இருந்தார். பிறகு, "நீலக் கார் எங்க?" என்றார். அவர் கடைசியாகப் பார்த்தது 2022, அலொன்சோ அல்பீனின் நீலக் காரில். நான் எழும்பிப் போய்த் திரையில் பச்சைக் காரை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"எப்ப மாறினவன்?" என்று கேட்டார். அந்த பஹ்ரைன் ரேஸை, மூன்றாவதாக வந்ததை, அன்றைக்குத்தான் அவருக்குச் சொன்னேன்.