பெரிய ஹாலுக்குப் புது ஸ்பீக்கர்: மார்பிள் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி

சுபாங்வாசி:
வணக்கம். சுபாங் ஜெயாவில் செமி-டி (ஒரு பக்கச் சுவரை அடுத்த வீட்டோடு பகிரும்) வீட்டு ஹால். நீளம் 9.5 மீட்டர், அகலம் 6.5, உயரம் 3.3. மார்பிள் தரை, பிளாஸ்டர் சீலிங், நீளப் பக்கம் ஒன்று முழுக்கக் கண்ணாடிக் கதவு. ஸ்பீக்கர் குட்டைச் சுவர் ஓரம், சோபா அதிலிருந்து 4.5 மீட்டர். இப்போது இருப்பது 20 வருடப் பழைய ஜோடி. வூஃபரை (பாஸ் தரும் பெரிய கூம்பை) சுற்றியுள்ள ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. ஆம்ப் 8 ஓமில் 80 வாட், 4 ஓமில் 140. கேட்பது நாகஸ்வரம், கர்நாடக வாய்ப்பாட்டு, 80களின் சினிமாப் பாட்டு. ஃபோம் நன்றாக இருந்த நாளிலிருந்தே தவில் அடித்தால் அறை உறுமும், குரலில் ‘ஸ’ வந்தால் காதைக் குத்தும். 70,000 ரிங்கிட் வரை போடலாம். எதை வாங்குவது?

பிஜே_ஒலியன்:
அந்த 70,000த்தையும் ஸ்பீக்கரில் கொட்டாதீர்கள் அண்ணே. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் முதலில் அறையின் குறைகள்.

உறுமலைப் பார்ப்போம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 347 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பும்போது சில சுருதிகள் மட்டும் வீங்கும்; அவைதான் அறையின் அதிர்வுகள். உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், உயரத்தின் முதல் அதிர்வு 52.6 ஹெர்ட்ஸ், அகலத்தின் இரண்டாவது 53.4, நீளத்தின் மூன்றாவது 54.8. மூன்றும் ஒரே இடத்தில் குவிகின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த 53 ஹெர்ட்ஸ் உங்கள் ஹாலில் வீங்கித்தான் கேட்கும்.

அடுத்து எதிரொலி. ஹாலின் கொள்ளளவு சுமார் 204 கனமீட்டர். இவ்வளவு கல்லும் கண்ணாடியும் இருந்தால் ஒலி அடங்க 1.3 நொடி வரை ஆகலாம். கண்ணாடிக்கு, கதவின் அகலத்தைப் போல இரு மடங்கு துணி எடுத்து, கனமான மடிப்புத் திரை போடுங்கள். 25 சதுர மீட்டரை அது மூடினால் சுமார் 15 சதுர மீட்டர் உறிஞ்சல் கிடைக்கும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே 3 × 4 மீட்டர் தடித்த கம்பளம் இன்னொரு 5 தரும். பின்சுவரிலும் எதிர்ப்பக்கச் சுவரிலும் 10 செ.மீ. கனத்தில் துணி போர்த்திய ராக்வூல் (பாறை இழை) பலகைகள், மொத்தம் 10 சதுர மீட்டர். இவ்வளவும் சேர்ந்தால் 0.6 நொடிக்கு இறங்கிவிடும். குரல் தெளிவதை அன்றைக்கே கேட்பீர்கள். மெல்லிய அலங்கார ஃபோம் ஒட்டி ஏமாற வேண்டாம். அது மேல் சுருதியை மட்டும் தின்றுவிட்டு உறுமலை அப்படியே விட்டுவிடும்.

பினாங்கு_காது:
மேலே சொன்னது சரி. ஆனால் ‘ஸ’ குத்துவதில் ஸ்பீக்கருக்கும் பங்கு உண்டு. 6.5 அங்குல மிட் (நடுச் சுருதிக் கூம்பு) 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது ஒலியை நேராக மட்டும் அனுப்பத் தொடங்கும். அங்கே 1 அங்குல ட்வீட்டர் (மேல் சுருதிக்கான சிறு ஸ்பீக்கர்) பொறுப்பேற்றதும் ஒலி மறுபடி பக்கவாட்டில் விரியும். அப்படி விரிந்த ஒலி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வருகிறது. அதனால் வாங்கும் முன் சிடிஏ-2034 வரைபடத்தை (ஸ்பீக்கரின் ஒலியை எல்லாத் திசையிலும் அளந்து காட்டுவது) தேடிப் பாருங்கள். அதில் டைரக்டிவிட்டி கோடு (ஒலி எவ்வளவு நேராகக் குவிகிறது என்பது) மேடு பள்ளம் இல்லாமல் ஏற வேண்டும்.

உங்கள் பட்ஜெட்டில் நான் பார்க்கச் சொல்வது இரண்டு: கெஃப் ஆர்11 மெட்டா, ஜேபிஎல் 4349. முன்னதில் ட்வீட்டர் மிட்டின் நடுவிலேயே இருக்கிறது. பின்னதில் மேல் சுருதிக்கு ஹார்ன் (குழல் வாய்), 12 அங்குல வூஃபர். அதற்கு ஸ்டாண்டும் வேண்டும். நாகஸ்வரத்தின் வேகமும் தவிலின் அடியும் ஹார்னில் உயிரோடு வரும் என்பது என் கருத்து. கடையில் நேராக உட்கார்ந்து கேட்பதோடு நிறுத்தாமல், 45 டிகிரி பக்கவாட்டில் நின்றும் கேளுங்கள். அங்கே குரல் மாறினால் உங்கள் ஹாலில் இன்னும் மோசமாகும்.

சோபாவில் உச்சம் 100 டெசிபல் எட்ட, 86 டெசிபல் சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்குச் சுமார் 100 வாட் வேண்டும். 90 என்றால் 40 போதும். கெஃப் 90, ஜேபிஎல் 91. கெஃப் 3.2 ஓம் வரை இறங்கும். 4 ஓமில் 140 கொடுக்கும் உங்கள் ஆம்ப் தாங்கும்.

சுபாங்வாசி:
மிக்க நன்றி. அந்த 53 ஹெர்ட்ஸை என்ன செய்வது? பழையதைத் தூக்கிப் போட்டுவிடவா?

பிஜே_ஒலியன்:
இரண்டு அடைத்த பெட்டி சப்வூஃபர் (ஆழமான பாஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர், பெட்டியில் துளை இல்லாதது), 12 அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். ஸ்பீக்கர் இருக்கும் சுவரில், பக்கச் சுவரிலிருந்து 1.6 மீட்டரில் ஒன்று, 4.9 மீட்டரில் ஒன்று. அகலத்தின் கால், முக்கால் புள்ளிகள் அவை. அங்கே இரண்டும் சேர்ந்து ஒலித்தால் அகலத்தின் 53.4 கிளம்பாது. ஸ்பீக்கர் ஜோடியையும் அதே கோட்டில் வையுங்கள், 3.3 மீட்டர் இடைவெளி சரியாக அமையும். சோபாவைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, மிச்சம் இருப்பதை மினிடிஎஸ்பியில் (ஒலியின் அளவைச் சுருதிவாரியாகத் திருத்தும் சிறு கருவி) வெட்டுங்கள். அளப்பதற்கு யூமிக்-1 மைக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருளும் போதும், மென்பொருள் இலவசம். ஒன்று கவனியுங்கள்: ஆம்பில் ப்ரீ-அவுட், மெயின்-இன் (ஒலியை நடுவில் வெளியே எடுத்து, திருத்தித் திரும்பக் கொடுக்கும் துளைகள்) இரண்டும் இருந்தால்தான் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மெயின் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்க முடியும். இல்லையென்றால் சப்பில் வெட்டியதை மெயின் ஸ்பீக்கர் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

பழையதைப் போட வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் ஃபோம் உதிர்வது வழக்கம், காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கூம்பை இரண்டு கையாலும் சமமாக அழுத்துங்கள். உராயும் சத்தம் இல்லையென்றால் விளிம்பு மட்டும் மாற்றினால் சரியாகிவிடும். விளிம்பை ‘10 அங்குலம்’ என்பதுபோல் வெறும் அங்குலம் சொல்லிக் கேட்டு வாங்காதீர்கள். கூம்பின் விட்டம், சட்டத்தின் உள்விட்டம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து, ஃபோமுக்குப் பதில் ரப்பர் விளிம்பு போட்டால் பாஸ் மாறும் என்பதால் அதே ஃபோமையே கேளுங்கள். பசை காய 24 மணி நேரம். பிறகு மாடி அறையில் வைத்துக் கேளுங்கள்.

பினாங்கு_காது:
சப் இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை. வெளிநாட்டிலிருந்து நேராக வாங்கினால் 230 வோல்ட்தானா என்று பின்பக்கம் பாருங்கள். டிபி பாக்ஸில் (வீட்டு மின்பகிர்வுப் பெட்டி) சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுப்பது) போட்டிருந்தாலும், இடி இடிக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.