துருவ நட்சத்திரம் தெரியாத மொட்டைமாடியில் ட்ராக்கரை நேர்ப்படுத்துவது எப்படி?

மாடிவானம்:
பெங்களூர் பி.டி.எம். லேஅவுட், மூன்றாவது மாடி. கேனான் 200டி, 55-250 லென்ஸ் (200 எம்எம்மில்), சின்ன ட்ராக்கர் (வானம் சுழலும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் கருவி). ஓரியன் நெபுலாவை 2 நிமிட எக்ஸ்போஷரில் எடுத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுக்கின்றன. வடக்கே அபார்ட்மென்ட் மறைக்கிறது. ஆட்டோகைடர் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து ட்ராக்கரைத் தானாகத் திருத்தும் சின்ன கேமரா) வாங்கினால் சரியாகுமா?

தெற்குவாசல்:
கைடருக்கு இப்போது காசு போடாதீங்க. துருவ நட்சத்திரம் நம்ம ஊரில் 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், எதிரே ஒரு கட்டடம் எழும்பினாலே போச்சு. ட்ராக்கரின் சுழல் அச்சு வானத்தின் வட துருவத்திலிருந்து 1 டிகிரி விலகினால் நட்சத்திரம் நிமிடத்துக்கு 16 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) வரை நகரும். உங்கள் செட்டப்பில் ஒரு பிக்சல் 3.8 ஆர்க்செகண்ட். 2 நிமிடத்தில் 8 பிக்சல் கோடு, கணக்கு சரியா வருதா?

போன் காம்பஸ் வேண்டாம், தளத்துக் கம்பி அதைத் திருப்பிவிடும். பகலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும்போது நூலின் நிழல்மேல் சாக்பீஸ் கோடு போடுங்க. அதுதான் வடக்கு-தெற்கு. அந்த நேரம் 12 மணி இல்லை: நவம்பர் தொடக்கத்தில் 12:03, பிப்ரவரி நடுவில் 12:34 வாக்கில். (ஏப்ரல் 24 பக்கம் முயன்றால் நிழலே கிடைக்காது.) ட்ரைபாடை மட்டம் பார்த்து, ஒரு காலை வடக்கே வைத்து, அச்சை 13 டிகிரிக்குச் சாயுங்க. இவ்வளவு தாழ்வான சாய்வில் எடை ஒரு பக்கம் தொங்கும், அதற்குத்தான் அந்தக் கால்.

மிச்சத்தை மின்டாகா பார்த்துக்கொள்ளும். ஓரியன் பெல்ட்டில் முதலில் உதிக்கும் நட்சத்திரம், வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) மிக அருகில். கிழக்கே 20 டிகிரி ஏறியதும் 5 நிமிட இடைவெளியில் இரண்டு படம். தெற்கே நழுவியிருந்தால் அச்சு தாழ்வு, வடக்கே என்றால் உயரம். அது உச்சிக்கு வந்ததும் திரும்ப எடுங்க: தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கு, வடக்கே என்றால் மேற்கே. திரையில் எது வடக்கு என்று குழம்பினால் லென்ஸை லேசாக வடக்கே தள்ளுங்க, நட்சத்திரம் தெற்கே ஓடும். கிழக்கு-மேற்கு ஆட்டம் கியரின் வேலை, அதைக் கண்டுக்காதீங்க.

இருட்டுதேடி:
தெற்குவாசல் சார் சொன்னது சரி. ஆனா ஊருக்குள் 2 நிமிடமே எதுக்கு? ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) மேடு இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்தால் போதும், அதற்கு மேல் சேருவது தெருவிளக்கு வெளிச்சம்தான். 30 விநாடி வைத்து 120 படம், நடுப்பகுதி வெளுத்துப்போகாமல் இருக்க 5 விநாடியில் தனியாக 30. லென்ஸ்மேல் வெள்ளை டி-ஷர்ட் இழுத்துக் கட்டி 25 ஃப்ளாட் (தூசிப் புள்ளி, ஓர இருட்டை நீக்க உதவும் சீரான வெளிச்சப் படம்). ஃபோகஸைத் தொடாமல் எடுக்கணும், தொட்டால் தூசிப் புள்ளி போகாது. எல்லாவற்றையும் சிரில் மென்பொருளில் ஒரே படமாக அடுக்குங்க.

ஆறங்குலம்:
லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோக முடிந்தால் நினா மென்பொருளின் மூன்று-புள்ளி அலைன்மென்ட் (வானில் மூன்று இடங்களைப் படமெடுத்து அச்சின் விலகலைக் கணக்கிடும் முறை). துருவம் தெரியவே வேண்டாம். கையால் திருப்பும் ட்ராக்கருக்கு மேனுவல் மோட் இருக்கு.