‘டிஜிட்டல் ஜூம்’ – ‘வெட்டுப்பெருக்கம்’ என்ற சொல்லை முன்வைத்து

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

கேம்கார்டரின் (கையடக்க வீடியோ கேமராவின்) ஆப்டிகல் ஜூம், டிஜிட்டல் ஜூம் ஆகியவற்றுக்கு ‘ஒளியியல் உருப்பெருக்கம்’, ‘எண்ணிம உருப்பெருக்கம்’ என்று இந்த இழையில் முன்மொழியப்பட்டுள்ள சொற்களில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அவை ஒரே வேலையின் இரு வகைகளைக் குறிப்பதுபோல் தோற்றம் தருகின்றன. கருவியினுள் நடப்பதோ முற்றிலும் வெவ்வேறான இரண்டு செயல்கள்.

முதலாவதில் வில்லைத் (லென்ஸ்) தொகுதி நகர்ந்து குவியத் தொலைவு மாறுகிறது. தொலைவிலுள்ள பொருளின் பிம்பமே உணரியின் (ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின்) மேல் பெரிதாக விழுகிறது. இரண்டாவதில் வில்லை அசைவதில்லை. உணரியில் விழுந்த பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, குறைகிற படப்புள்ளிகளை (பிக்சல்களை) இடைக்கணிப்பால், அதாவது பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு ஊகித்து, இட்டு நிரப்பி, முழுச் சட்டகமாக விரிக்கிறார்கள். 1920×1080 அளவுள்ள படத்தை இவ்வாறு இரண்டு மடங்காக்கினால் உண்மையில் பதிவாவது 960×540, அதாவது கால்பங்கு. பெட்டியின் மேல் ஒளியியல் 20 மடங்கு, டிஜிட்டல் 800 மடங்கு என்று அச்சிட்டு விற்ற பழைய நாடாக் கேம்கார்டர்களில் 720×576 என்ற சட்டகத்தையே உணரியின் அளவாகக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த 800-இல் ஒளியியலின் 20 மடங்கும் அடக்கம் என்பதால் வெட்டு மட்டும் 40 மடங்கு; எல்லை வரை இழுத்தால் எஞ்சுவது 18×14 அளவிலான ஒரு துண்டு. அதில் முகம் எது, மூக்கு எது என்று எந்தக் கண்ணாலும் பிரிக்க இயலாது. (விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது இந்த 800தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் திருமணமும் திருவிழாவும் எடுக்கும் எங்கள் வீடியோக்காரர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். நெம்மாறை ‘வேலை’ என்னும் கோயில் திருவிழாவன்று கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து யானையின் நெற்றிப்பட்டத்தை நெருக்கமாக எடுக்க முயலும் உதவியாளரிடம், “டிஜிட்டலுக்குப் போயிராதே, பிக்சல் உடைஞ்சிரும்” என்றுதான் எச்சரிப்பார்கள். பலர் கருவியின் பட்டியலில் (மெனுவில்) அந்த வசதியை அணைத்துவிட்டே கருவியை உதவியாளர் கையில் கொடுக்கிறார்கள்.

ஆகவே ‘வில்லைப்பெருக்கம்’, ‘வெட்டுப்பெருக்கம்’ என்ற இணையை முன்வைக்கிறேன். வெட்டினால் குறையத்தானே வேண்டும், பெருக்கம் எப்படி வரும் என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். வெட்டியபின் பெருக்குவதே அங்கு நிகழ்வது என்பதால் அந்த முரண் சொல்லுக்கு வலிமையே சேர்க்கிறது. மலையாளம் கலந்து பேசும் எங்கள் பகுதியில் ‘வெட்டு’ இரு மொழியினருக்கும் விளங்கும் என்பது ஒரு கூடுதல் வசதி, அவ்வளவே.

டிஜிட்டல் ஜூமுக்குத் ‘தரமிழப்புப் பெருக்கம்’ என்று இந்த இழையில் அம்மையார் ஒருவர் எழுதியிருந்ததை ஏற்கத் தயங்குகிறேன். 3840×2160 அளவுக்குப் படம்பிடிக்கும் உணரியைக் கொண்டு 1920×1080 காணொளி பதிவு செய்தால், இரண்டு மடங்கு வரை வெட்டியும் அந்தக் காணொளிக்குத் தேவையான படப்புள்ளிகள் குறைவதில்லை. சில நிறுவனங்கள் இதற்குத் தனிப்பெயர் சூட்டித் தனி வசதியாகவே விற்கின்றன. அங்கும் வெட்டு உண்டு; இடைக்கணிப்புக்குத்தான் தேவை எழவில்லை. எனவே விளைவைப் பெயராக்குவதைவிடச் செயலைப் பெயராக்குவதே பொருந்தும்.

கருவியின் பட்டியலில் ‘வெட்டுப்பெருக்கம்: இயக்கு / அணை’ என்று எழுதிப் பார்த்தேன், சிறு திரையில் அடங்கும் நீளம்தான். ஜூம் நெம்புகோலுக்கு மட்டும் ‘பெருக்கு நெம்பி’ என்பது எனக்கே நிறைவளிக்கவில்லை. அதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.