முகமூடி அளவெடுத்த பிறகும் கதிர்வீச்சு தொடங்க ஏன் ஒரு வாரம்?

கேள்வி:
என் தாயாருக்கு அடிநாக்கில் புற்றுநோய். கதிர்வீச்சு மருத்துவர் 7 வாரங்களில் 35 அமர்வுகளாக 70 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுக்க வேண்டும் என்கிறார். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவைத்து, சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க முகமூடி செய்து, சி.டி. ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்வது ஏன்? கட்டி வளர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

பதில் 1:
நான் மருத்துவ இயற்பியலாளராகப் பணிபுரிகிறேன். பெரும்பகுதி வேலை நடப்பதே அந்த வாரத்தில்தான், ஐயா. ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் மருத்துவர் கட்டியையும், நோய் பரவக்கூடிய கழுத்து நிணநீர் முடிச்சுகளையும், காக்க வேண்டிய தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஆகியவற்றையும் தம் கையால் வரைந்து பிரிப்பார். தண்டுவடத்துக்குச் சுமார் 45 கிரேக்கு மேல் போகாதபடி நாங்கள் திட்டம் அமைப்போம்; அவர் திருப்பி அனுப்பினால் மீண்டும் அமைப்போம். ஒப்புதல் கிடைத்த பின் கருவியில் அளந்து சரிபார்ப்போம்.

பதில் 2:
என் தந்தைக்கும் இதே சிகிச்சைதான். மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகி, கஞ்சி விழுங்கவே கண்ணீர் வந்தது. வாரந்தோறும் எடை பார்த்த மருத்துவர், உடல் மெலிந்து முகமூடி தளர்ந்ததைக் கவனித்து, மறுபடியும் ஸ்கேன் எடுத்துத் திட்டத்தை மாற்றினார். காத்திருக்கும் நாட்களில் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறுவது கடினம்.

பதில் 3:
தொடங்கிய பின் ஒரு நாளும் தவறவிடாதீர்கள். இடைவெளி விழுந்தால் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகும்.