விற்றவர் போனில் என் கார் இன்னும் இருந்தது

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒருவரிடம் இரண்டு வருடம் ஓடிய கார் வாங்கினோம். ஆர்சி, இன்சூரன்ஸ், இரண்டு சாவி, எல்லாம் சரியாகக் கைக்கு வந்தது. வண்டிக்குள் சிம் இருக்கிறது, போனிலிருந்தே ஏசி போடலாம், கதவைப் பூட்டலாம் என்று தெரியும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பஜ்ஜி வாங்கித் திரும்பினால், ஆளில்லாத காரில் ஹாரன் அடிக்கிறது, லைட் மின்னுகிறது, சாவியோ என் பாக்கெட்டில். ஒயர் கோளாறு என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் பழைய ஓனரே கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க சார், பையன் என் போன்ல எதையோ அமுக்கிட்டான். ஏற்காட்டுலயாங்க இருக்கீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியில் வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் நல்ல மனிதர், அதனால்தான் கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் பிள்ளையின் பள்ளி, மாமியார் வீடு, ராத்திரி வண்டி நிற்கும் சந்து என்று எல்லாமே மூன்று வாரமாக அவர் போனில் தெரிந்திருக்கிறது, கதவைத் திறக்கும் பட்டனோடு சேர்த்து.

கார் திரையில் ரீசெட் கொடுத்துப் பார்த்தேன். ப்ளூடூத் போன்களும் நம்பர்களும் அழிந்தன, கம்பெனி சர்வரில் இருந்த அவர் கணக்கு அப்படியே இருந்தது. அவர் தன் ஆப்பில் வண்டியை நீக்கி, நான் புது ஆர்சியோடு சர்வீஸ் சென்டருக்குப் போன பிறகுதான் தீர்ந்தது. 2017-லேயே ஐபிஎம்மின் கணினிப் பாதுகாப்பு நிபுணர் சார்லஸ் ஹெண்டர்சன், தான் விற்ற கார் வருடக்கணக்கில் தன் ஆப்பிலேயே இருந்ததைச் சொல்லியிருக்கிறார். 2015-ல் அமெரிக்காவில் இருவர் நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப்பை வீட்டிலிருந்தே முடக்கிக் காட்டி, 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்ததே, அதற்குப் பெரிய திறமை வேண்டும். எங்கள் வண்டிக்கு ஒரு குழந்தையின் விரல் போதுமாக இருந்தது.

பதில்:
எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வெள்ளி இருக்கிற இடம் என்பதால் எட்டு கேமரா, அதைப் பதிவு செய்ய ஒரு டிவிஆர் பெட்டி. போன வருடம் நெட் ஊர்ந்தது. டிவிஆரை அணைத்துப் போட்டால் சரியாகும், அரை மணியில் மறுபடி அதே கதை. நெட்காரர் வந்து பார்த்துவிட்டு, டிவிஆர்தான் வெளியே எதையோ ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றார். மாட்டிய பையன் கம்பெனி பாஸ்வேர்டையே விட்டிருந்தான், போனில் பார்க்க வசதியாக ரூட்டரிலும் வழி திறந்து வைத்திருந்தான். 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படித்தான் பரவியது: 60-க்குச் சற்று மேற்பட்ட கம்பெனி பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, அந்த அக்டோபரில், வெப்சைட் பெயருக்கு முகவரி தேடித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கி ட்விட்டரையே திணறடித்தது. அணைத்தால் போய்விடும், பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். திருடனைப் பிடிக்க மாட்டிய கருவியே திறந்த கதவாக இருந்ததைத்தான் அப்பாவால் இன்னும் தாங்க முடியவில்லை.

பதில்:
கார் பதிவு போட்டவன்தான். எங்கள் வீட்டிலும் மாட்டியவர் வைத்த பாஸ்வேர்டுதான் இருக்கிறது, அவர் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரூட்டரில் அந்த வழியை எங்கே போய் மூடினீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள்.