குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்ன புகார்: "அறிவுரை வழங்கப்பட்டது" என்று எழுதிக் கோப்பை மூடலாமா?

வகுப்பாசிரியை:
என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. பங்குனி வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டு வருவாள். ஒருநாள் குழாயடியில் கை கழுவ மடித்தபோது பார்த்தேன். முழங்கைக்கு மேலே வரிவரியாகத் தழும்பு. இரண்டு பழையவை, ஒன்று அப்போதும் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு, "அப்பா பெல்ட்டால அடிச்சாரு மிஸ், கணக்குல மார்க் கொறஞ்சிருச்சு" என்றாள். அப்புறம், "வீட்ல சொல்லிடாதீங்க" என்றாள்.

1098-க்கு அழைத்தேன். மறுநாள் மாலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து இருவர் நேரே வீட்டுக்கே போயிருக்கிறார்கள். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிள்ளையிடம் விசாரித்திருக்கிறார்கள். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். வேறென்ன சொல்வாள்?

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்குக் கடிதம் வந்தது. இரண்டே வரி. "குழந்தை பெற்றோருடன் நலமாக உள்ளது. பெற்றோருக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டது." நான் பார்த்த தழும்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் என்னிடம் சொன்னதும் இல்லை. நாளைக்கு இன்னொருவர் இதே பிள்ளைக்காக அழைத்தால், கோப்பைப் புரட்டுகிறவர் ஏற்கெனவே விசாரித்தாயிற்று, ஒன்றுமில்லை என்றுதானே நினைப்பார்?

களப்பணியாளன்:
டீச்சர், நான் வேறு மாவட்டத்தில் இதே வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். உங்கள் கைக்கு வந்தது கடிதம்தான், கோப்பு வேறு. குழந்தையைப் பற்றிய விவரம் வெளியே போகக் கூடாது என்பதால் பள்ளிக்கு அனுப்புவது எப்போதும் சுருக்கமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டம் எல்லாவற்றையும் வரையறுத்திருக்கிறது. பிரிவு 19-இன்படி தகவலுக்கு ஒரு பதிவு எண் கொடுத்து, எழுத்தில் எடுத்து, சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. ஆனால் அப்பா பெல்ட்டால் அடித்தால்? 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 75-இல் அதுவும் குற்றம்தான். எப்படிப் பதிய வேண்டும் என்ற கெடுபிடி மட்டும் அதில் இந்த அளவுக்கு இல்லை. போகிற ஆள் எழுதுவதுதான் பதிவு. பிள்ளை என்னிடம் விழுந்துவிட்டேன் என்று சொன்ன பிறகு, "தந்தை அடித்தார்" என்று நான் எதை வைத்து எழுத?

ரெண்டு பிள்ளை அப்பா:
நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். சொத்துத் தகராறில் உறவுக்காரர் ஒருவர் பெயர் சொல்லாமல் போன் செய்து, நான் பிள்ளையைச் சித்திரவதை செய்வதாகச் சொல்லிவிட்டார். தெருவே பார்க்க ஜீப் வந்து நின்றது. ஆறு வயது மகனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று கிளம்பிவிட்டார்கள். அந்த "ஒன்றுமில்லை" எங்காவது எழுதப்பட்டதா? எனக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. என் பெயர் எந்த நோட்டில், எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. மகன் காக்கிச் சட்டையைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறான். டீச்சர் முதலில் அந்த அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொல்லிப் பேசியிருக்க வேண்டும்.

வகுப்பாசிரியை:
உங்களுக்கு நடந்தது அநியாயம், ஐயா. ஆனால் "வீட்ல சொல்லிடாதீங்க" என்று கெஞ்சிய பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு நான் கேட்டிருந்தால், அன்றைக்கு ராத்திரி அவள் கதி என்ன?

லண்டன் தமிழன்:
நான் இங்கே ஒரு பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில் லண்டனில் கொடுமைப்படுத்தப்பட்டு இறந்தாள். அதற்கு முந்தைய ஜூலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். காயங்களைப் பார்த்த ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. மூத்த டாக்டர் சொறிசிரங்கு என்றார். அவ்வளவுதான், "பாதுகாப்பு தேவை" என்றிருந்த வழக்கு "உதவி தேவை" என்று இறங்கியது, பிள்ளை திரும்ப அனுப்பப்பட்டாள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 வாய்ப்புகள் நழுவியதாக அரசு அமைத்த லேமிங் பிரபுவின் விசாரணை 2003-இல் சொன்னது. எந்தத் தலைப்பின் கீழ் எழுதினார்கள் என்பதிலேயே ஓர் உயிர் தொங்கியது.

இப்போது இங்கே புகார் வந்து ஒரு வேலை நாளுக்குள் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும், புகார் சொன்னவருக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். தழும்பைப் பார்த்தால் உடல் வரைபடத்தில் இடத்தைக் குறிப்போம். பிள்ளை சொன்னதை அதன் சொல்லிலேயே எழுதுவோம். இங்கேயும் தவறுகள் ஓய்ந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

களப்பணியாளன்:
அந்த ஊர் ஆள்பலம் எங்களிடம் இல்லை, சார். 1098 தொடங்கிய 1996 முதல் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடந்தது. 60 நிமிடத்தில் பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அப்போதே இருந்த இலக்கு. 2023-இல் அரசின் கைக்கு வந்து, அவசர உதவி எண்ணான 112-உடன் இணைந்தது. கோப்புகள் அரசு அலுவலகத்துக்குள் வந்தது நல்லதுதான். போலீஸ் உடனே வருகிறது, அதுவும் சில வீட்டில் தேவை. ஆனால் இவர் சொன்ன ஜீப்பும் அதே வழியில்தான் வருகிறது.

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அப்பா முன்னால் வைத்துக் கேட்டது தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

காப்பகத்தில் வளர்ந்தவள்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கோப்பை அதிகாரி படிப்பார், நீதிபதி படிப்பார் என்கிறீர்கள். அந்தப் பிள்ளையும் ஒருநாள் படிக்கும்.

ஒன்பது வயதில் என்னைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோனார்கள். நான் வெளியே பெஞ்சில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தேன், அம்மா உள்ளே பேசினார். 18 வயதில் காப்பகத்தை விட்டு வெளியேறும்போது என் கோப்பைக் காட்டினார்கள். "தாயால் பராமரிக்க இயலாததால் ஒப்படைக்கப்பட்டார்." இதே வரியைத்தான் ஒன்பது வருடமும் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். அம்மாவுக்கு நான் வேண்டாம் என்றே நம்பி வளர்ந்தேன். அவர் பார்க்க வந்த நாட்களில் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பிறகுதான் அம்மா சொன்னார். இரண்டாம் கணவர் என்னிடம் நடந்துகொண்ட விதத்துக்குப் பயந்துதான் என்னை அங்கே விட்டதாகவும், இதை அன்றைக்கே உள்ளே அழுதுகொண்டு சொன்னதாகவும். ஒரு பக்கத்திலும் அது இல்லை. எழுதியிருந்தால் அது போலீஸுக்குப் போயிருக்க வேண்டிய விஷயம். "இயலாததால்" என்று எழுதியதால் எங்கேயும் போகவில்லை. என் அம்மாவும் என்னை விட்டுப் போனவராக ஆகிவிட்டார்.

ரெண்டு பிள்ளை அப்பா:
அம்மா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எழுதட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் யார் சொன்னது எது என்று பிரித்து எழுதட்டும். என் தரப்பும் அதே தாளில் இருக்கட்டும். பொய்ப் புகார் என்று தெரிந்தால் அதையும் எழுதி எனக்கு ஒரு நகல் தரட்டும். சந்தேகத்தை உண்மை மாதிரி எழுதக் கூடாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

களப்பணியாளன்:
டீச்சர், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு நேரடியாக எழுதுங்கள். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். சமூக விசாரணை அறிக்கை கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அது 15 நாளுக்குள் வர வேண்டும். "கொடுமை" என்றெல்லாம் எழுத வேண்டாம். தேதி, நேரம், எந்தக் கை, எத்தனை தழும்பு, அவள் சொன்ன வாக்கியம் மேற்கோளுக்குள். பள்ளியில் வைத்து, தனியாகப் பேசும்படி கேளுங்கள். பதிவு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

வகுப்பாசிரியை:
நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே தாள்தான். பதிவு எண் முதலில் தரவில்லை, அரை மணி நேரம் உட்கார்ந்து வாங்கினேன். வியாழக்கிழமை பள்ளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடமும் தனியாகக் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னதாகவே எழுதும்படி கடைசி வரியில் கேட்டிருக்கிறேன், ஐயா. அது உங்களால் சேர்த்தது.

இன்று அவள் வந்திருந்தாள். முழுக்கைச் சட்டைதான்.