பத்தாவது கட்டளை பத்தி பேசணும், ஐடியா குடுங்க
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயித்துக்கிழமை எங்க சபை வாலிபர் கூட்டத்துல யாத்திராகமம் 20:17 (பைபிள்ல பத்துக் கட்டளைல கடைசி, அடுத்தவங்களோடத இச்சிக்காதேன்னு சொல்றது) பத்தி நான் பேசணும். நாபோத்தோட திராட்சத்தோட்டம் கிடைக்கலன்னு ஆகாப் சாப்பிடாம மூஞ்சியத் திருப்பிட்டுப் படுத்துக்கிட்ட 1 இராஜாக்கள் 21 எடுத்துருக்கேன் (நாட்டுக்கே ராஜா, பாருங்க). ஆனா பசங்க, ஃப்ரெண்டு புல்லட் வாங்கி ஸ்டேட்டஸ் போட்டா வயிறு எரியுதே அண்ணா, ஜெபம் பண்ணியும் போகலயேன்னு கேக்குறாங்க. பவுலே பிலிப்பியர் 4:11ல மனரம்மியமா (இருக்குறது போதும்னு திருப்தியா) இருக்க கத்துக்கிட்டேன்னுதான் சொல்றாரு, அதுவும் காவல்ல இருக்கப்ப, அதனால இது ஒரே நாள்ல வராதுன்னு நினைக்கிறேன். கெட்டவங்க நல்லா வாழுறதப் பாத்துப் பொறாமைப்பட்டேன்னு சொல்ற ஆசாப்போட சங்கீதம் 73ஐயும் சேக்கலாமா? நல்லா சம்பாதிக்கணும்ங்கிற ஆசைக்கும் இச்சைக்கும் நடுவுல கோடு எங்க போடுறது? உங்க சபைல எப்படி சொல்லிக் குடுத்தீங்க? பணமே வேணாங்கிற மாதிரி பிரசங்கம் மட்டும் வேணாம் ப்ளீஸ், பாதிப் பேரு வேலை தேடிட்டு இருக்காங்க.